திரு. ஒத்தக்கடை

வில்லாபுரத்தில் ஒன்று,
செல்லூரில் ஒன்று.
ரசீது போடும் மென்பொருளுக்குத் தெரிந்த உலகம்
அவ்வளவுதான்.
கிளை என்ற கட்டத்தைத் தொட்டால்
இரண்டு பெயர் இறங்கும்,
கீழே வெள்ளை.

ஆவணியில் ஜெயக்கொடி அக்கா மூன்றாவதாக
ஒத்தக்கடையில் மாவுக்கடை திறந்தாள்.
மென்பொருள் விற்றவனுக்குப் போன் போட்டேன்.
"ரெண்டுக்குத்தான் மேடம் டிசைன்.
மூணாவதுன்னா மொதல்ல இருந்து பண்ணணும்,
எண்பதாயிரம் ஆகும்."
சாயங்காலத்துக்குள் முந்நூறு பாக்கெட்டுக்குக் கணக்கு வேண்டும்.
ஒத்தக்கடையை
வாடிக்கையாளர் ஆக்கிவிட்டேன்.

பெயர்: திரு. ஒத்தக்கடை.
கைபேசி எண் கட்டாயம் என்றது;
என் எண்ணைக் கொடுத்தேன்.
பிறந்த தேதி கேட்டது;
கடை திறந்த தேதி.
நல்ல மனிதர்.
காலை ஐந்தரைக்கு மாவு எடுப்பார்,
பேரம் பேச மாட்டார்,
பணம் மட்டும் தர மாட்டார்.

பணம் அக்காவின் துணிப்பையில் நிஜமாகவே இருந்தது.
கணிப்பொறியில்தான் அதற்கு வீடு இல்லை.
மாசிக்குள் அவர் பாக்கி
பதினைந்து லட்சத்துச் சொச்சம்.
ராத்திரி பத்து மணிக்கு என் போன் அதிரும்:
'அன்புள்ள திரு. ஒத்தக்கடை,
தங்கள் நிலுவையை உடனே செலுத்தவும்.'
கையில் சாம்பார்க் கரண்டியோடு
ஒரு கடைக்காக வெட்கப்பட்டு நின்றிருக்கிறேன்.

ஆடிட்டர் கேட்டார்,
யாருங்க இந்த ஆளு, நோட்டீஸ் விட்டாச்சா?
மேலூர் ரோட்டோரம்
யானைமலையைப் பார்த்தபடி நிற்கிறார் சார்,
ஷட்டர் போட்டிருப்பார் என்றேன்.
அக்கா சிரிக்கவில்லை.

அன்று அரவை முடிந்து
மாவை ட்ரம்மில் ஊற்றினார்கள்.
புதுப் பையன் விளிம்பு வரை ஊற்றிவிட்டான்.
அக்கா ஓடிப்போய்ப் பாதியை வேறு ட்ரம்முக்கு மாற்றினாள்.
"பொங்கும்டா. எடம் விட வேணாமா?"
சொன்னவள் அப்படியே நின்றாள்,
முழங்கை வரை மாவோடு.
மெல்ல என் மேசைப் பக்கம் திரும்பினாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நஸ்ருதீன் வந்தான்.
இட்லி பிடிக்காது என்று முதலிலேயே சொன்னவன்.
எத்தனை கிளை என்று கேட்பான் என நினைத்தேன்;
புளித்துத் திரும்பி வரும் மாவை
எங்கே எழுதுவீங்க என்று கேட்டான்.
பதினாறு நாள் உட்கார்ந்து
கிளைப் பட்டியலின் அடியில்
ஒரு சின்னக் கூட்டல் குறி வைத்தான்.
என் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன்.
முதல் வாரம் செல்லூர் விற்ற மாவெல்லாம்
வில்லாபுரம் பேரில் ஏறிக் கிடந்தது.
மாசாமாசம் கட்டணம் என்றதும்
அக்கா முகம் சுண்டிவிட்டது.
"வாங்கிட்டா ஒரு தரத்தோட போச்சு.
இது தெனம் திங்குமே?"
"வேலை இருந்தா நெறையத் திங்கும்க்கா,
இல்லாட்டி கொறைச்சுக்கும்."
அவள் நம்பவில்லை. நானும்தான்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
மண்டகப்படிக்காரர்கள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.
நாலாயிரம் பாக்கெட்.
கோரிப்பாளையத்தில் ரெண்டே நாளைக்கு
ஒரு பந்தல்கடை போட்டோம்.
கூட்டல் குறியைத் தொட்டேன்,
பெயரை அடித்தேன்,
டீ ஆறும் முன் முதல் ரசீது வந்தது.
ஒரே இரவில் ஆறு மாதத்து ரசீது;
திரை ஒருமுறைகூட உறையவில்லை.

மூன்றாம் நாள்
மணலில் ஒற்றைச் செருப்பும்
தண்ணீர்ப் பாக்கெட்டும் மிச்சம் கிடந்தபோது
பந்தலைப் பிரித்தோம்.
கடையை மூடினேன்; அதன் கணக்கு நின்றது.
அந்த மாதம் கட்டணம் ஏறியது.
அடுத்த மாதம் இறங்கியது.
அக்கா இரண்டு பில்லையும் அருகருகே வைத்து
கண்ணாடியைத் தேடி எடுத்துப்
படித்தாள், திரும்பவும் படித்தாள்.
"திருமங்கலத்துல ஒரு எடம் இருக்காம்" என்றாள்,
பில்லைப் பார்த்துக்கொண்டே.

நேற்றுப் பழைய மென்பொருளை அணைக்கும் முன்
திரு. ஒத்தக்கடையின் பாக்கியைச் சுழியமாக்கினேன்.
போன் அதிர்ந்தது:
'தங்கள் நேர்மைக்கு நன்றி.'
அழிக்க மனம் வரவில்லை.
ஆவணியில் அவருக்குப் பிறந்தநாள்.